ஏவல் இல்லாத நாள்

கரும்பனை நாட்டில் ஆண்டுக்கொரு நாள் யாரும் யாரையும் ஏவ முடியாது. மன்னர் செங்கோடர் பிறந்த நாள் அது. முன்பெல்லாம் அன்று அவர் தேரை இழுக்கக் கூலிகளை அடித்து ஓட்டுவார்கள். ஒரு வருடம் சக்கரத்தில் ஒருவன் நசுங்கிச் செத்தான். "இழுக்கச் சொன்னது யார்?" என்று மன்னர் கேட்டதற்கு ஆளாளுக்கு அடுத்தவனைக் கைகாட்டினார்கள். நொந்துபோன மன்னர் சட்டம் போட்டார்: இந்த நாளில் பிறரை வேலை ஏவுகிறவர் பதவியோ நிலமோ உள்ளதை இழப்பார், அரியணையில் இருப்பவரும்கூட.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. ஏவிய வேலையில் ஆள் செத்தால் ஏவியவர் அந்தக் குடும்பத்தைக் காக்க வேண்டும். தானாகப் போய்ச் செத்தவன் வீட்டுக்கு நாதியில்லை.

அன்று பண்ணையார்கள் தாங்களே உலை வைப்பார்கள். ஆட்கள் வாசலில் நின்று, "கஞ்சி அடிபிடிக்குதுங்க, கிண்டுங்க" என்று கேலி செய்வார்கள்.

இந்த வருடம் அதே நாளில் மழை கொட்டித் தீர்த்தது. பெரிய ஏரிக்கரை விரிசல் விட்டது. சுழலில் மூழ்கி மதகைத் திறந்தால்தான் ஊர் தப்பும். அது தெரிந்தவன் காத்தான் ஒருவன்தான்.

ஏரி அதிகாரி திருமேனி வானத்தைப் பார்த்துப் பேசினார். "மூழ்கத் தெரிஞ்சவன் மூழ்கினா ஊர் பிழைக்கும். நான் யாரையும் சொல்லலப்பா."

காத்தான் வேட்டியை வரிந்து கட்டினான். நிறைமாதமாக இருந்த அவன் மனைவி வெள்ளச்சி அவன் கையை இறுகப் பிடித்தாள்.

"யாரைச் சொல்றீங்க? பேரைச் சொல்லுங்க."

"இன்னிக்கு உத்தரவு போடக் கூடாதேம்மா."

"நேத்து வரைக்கும் 'டேய் காத்தா'ன்னு கூப்பிட்ட வாய்தானே?"

கரையில் ஒரு துண்டு சரிந்தது. "ஊரைக் கொல்லப் பாக்கறியாடி?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். வெள்ளச்சியின் வீடும் பள்ளத்தில்தான் இருந்தது.

"ஒருத்தர் சொல்லட்டும். யாரா இருந்தாலும் சரி, கையை விட்டுடறேன்."

ஆளாளுக்குப் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள்.

பல்லக்குத் தூக்க ஆளை ஏவ முடியாததால், செங்கோடருக்குப் பின் அரியணை ஏறிய அரசி நடந்தே, நனைந்தபடி வந்து சேர்ந்தாள். நடந்ததைக் கேட்டதும் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வெள்ளச்சி கையில் வைத்தாள். "காத்தா, இறங்கு. சொன்னது நான்."

வெள்ளச்சி கையை விட்டாள்.

மதகு திறந்தது. காத்தான் தோள் கிழிந்து கரையேறினான். மறுநாள் சபையில் அரசி அரியணை இழந்தாள். "சட்டத்தை மீறாதவன் நான்தான்" என்றார் திருமேனி. வெள்ளச்சியை ஊரைவிட்டு விலக்கும்படி ஊரார் முறையிட்டார்கள்.

படிப்பவர்களே, அதிகாரி, வெள்ளச்சி, அரசி ஆகிய மூவரில் யார் செய்தது சரி?

விடை: பலரும் அரசி என்பீர்கள். அவள் செய்தது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் வெள்ளச்சி கேட்ட பிறகுதானே செய்தாள்? திருமேனி ஏவத்தான் செய்தார், ஏவியவர் என்ற பெயரை மட்டும் துடைத்துக்கொண்டார். சரியாகச் செய்தவள் வெள்ளச்சி. ஊரைப் பணயம் வைத்தாள் என்று வாதாடாதீர்கள். புருஷனை அவள் போக வேண்டாமென்று சொல்லவே இல்லை. அவன் செத்தால் பதில் சொல்ல ஒரு ஆள் கேட்டாள், அவ்வளவுதான். கரையில் நின்ற எவரும் அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒரு துண்டு நிலம் போயிருக்கும். அதைக் கொடுக்க மனமில்லாதவர்கள்தான் அவளிடம் புருஷனைக் கேட்டார்கள்.