தலைமைத் துபாஷியும் சீனக் கப்பல் தலைவரும்

துறைமுக நாடொன்றின் அரசவையில் சீனக் கப்பல் தலைவர் ஏதோ உரக்கச் சொன்னார். "ஊரைக் கொளுத்துவேன் என்கிறார், மன்னா!" என்று மொழிபெயர்த்தார் தலைமைத் துபாஷி வில்வநாதர். வீரர்கள் வாளை உருவினார்கள்.

"அவர் அப்படிச் சொல்லவில்லை, மன்னா!" என்று பதறினான் உதவித் துபாஷி சேந்தன். தினமும் மாலுமிகளிடம் சொற்களைக் கேட்டு ஓலையில் குறித்துக்கொள்பவன் அவன்.

வில்வநாதர் சீறினார். "ஓலை பார்த்துப் படிப்பவன் என்னைத் திருத்துவதா? என் பிழையை இப்போதே நிரூபி!"

"சரி ஐயா. அவரை உட்காரச் சொல்லுங்கள்."

வில்வநாதர் என்னவோ முழங்கினார். கப்பல் தலைவர் திருதிருவென்று விழித்தபடி நின்றார். சேந்தன் மெல்ல ஒரு வார்த்தை சொன்னதும் அமர்ந்துவிட்டார்.

"அப்படியானால் முதலில் என்னதான் சொன்னார்?" என்றார் மன்னர்.

"தாகமாக இருக்கிறதாம், மன்னா."

வாள்கள் உறைக்குள் போயின. கப்பல் தலைவர் இரண்டு செம்புத் தண்ணீர் குடித்து முடித்தபோது அவை முழுவதும் நிம்மதியாகச் சிரித்தது. மறுநாள் காலை, மன்னரின் ஆணைப்படி, வில்வநாதரும் சேந்தனோடு சீனம் படிக்கத் துறைமுகத்துக்குக் கிளம்பினார்.