கோதுமைக்குப் போட்ட தையல்

சென்னியப்பன் தவமணியம்மாவிடம் சீடராக வந்து சேர்ந்தபோது குருவுக்கு வயது நாற்பத்தைந்து, சீடருக்கு அறுபது.

தவமணியம்மா ஒரு காலத்தில் கால்நடை மருத்துவராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு மலையடிவாரத்தில் ஒரு ஓட்டு வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார். விடியலில் ஒரு மணி நேரம் கண்ணை மூடியிருப்பார். மீதி நேரம் கண்ணைத் திறந்து ஆடுமாடுகளைப் பார்ப்பார். இரண்டும் ஒரே வேலைதான் என்பார். மனிதர்களும் அவரைத் தேடி வருவார்கள். அவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், அம்மா ஒரு வேலை கொடுப்பார். வேலையைப் பார்த்ததும் பாதிப் பேர் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள்.

சென்னியப்பன் பஸ் ஏறவில்லை. அவர் கோபியில் நாற்பது வருஷம் தையல் கடை வைத்திருந்தவர். துணி நைந்தாலும் அவர் போட்ட தையல் விடாது என்று ஊரில் பெயர். அவர் கொண்டுவந்த கேள்வி இது:

"தம்பிய நான் மன்னிச்சு ஆறு வருஷமாச்சுங்கம்மா. ஒரு வார்த்தை அவனைக் குறை சொன்னதில்லை. ஆனா தூக்கம் மட்டும் வரமாட்டேங்குது. ஏனுங்க?"

காலில் முள் தைத்த ஆடு ஒன்று வாசலில் நின்றது. அம்மா அதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

அப்படியே இரண்டு வருஷம் போயிற்று. சென்னியப்பன் ஆடு பிடித்தார், கத்தரியும் ஊசியும் கொதிக்க வைத்தார், புண் கழுவினார். கிழிந்த தோலைத் தைக்கவும் கற்றுக்கொண்டார். அதில் அம்மாவையே மிஞ்சினார் என்று அம்மாவே சொல்வார். கேள்வி மட்டும் வந்த இடத்திலேயே நின்றது.

ஆடி மாதம் ஒரு நாள் காலை சரசாள் ஓடிவந்தாள். அரை மைல் மேலே மக்காச்சோளம் போட்டிருக்கும் குடும்பம் அவளுடையது. வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தவள் மேல் சோளக்காட்டுக்குள்ளிருந்து காட்டுப்பன்றி ஒன்று பாய்ந்திருக்கிறது. நடுவில் அவள் நாய் விழுந்து தடுத்திருக்கிறது. பன்றி அதைக் குத்திக் கிழித்துவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டது. நாய் ரத்தம் ஒழுக ஓடி, பள்ளத்தில் உண்ணிமுள் புதருக்குள் புகுந்துகொண்டது. கிட்டே போனால் அவள் புருஷனையே கடிக்க வருகிறது. எல்லாவற்றையும் மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு ஒன்று சேர்த்தாள்.

"எனக்கு வந்த குத்துங்க அது. அவ வாங்கிக்கிட்டா."

கோதுமை நிறத்தில் இருந்ததால் நாய்க்குக் கோதுமை என்றே பெயர். தவமணியம்மா பையை எடுத்துக்கொண்டு நடந்தார். சென்னியப்பன் போர்வையோடு பின்னால் போனார்.

புதருக்குள்ளிருந்து வந்த உறுமலைக் கேட்டதும் சென்னியப்பன் போர்வையோடு நின்றுவிட்டார். அம்மா முள்ளுக்கடியில் வயிறு தரையில் பட ஊர்ந்து போனார். நாய் பல்லைக் காட்டியதும் நின்றார். சரசாளைத் தன் பக்கத்தில் ஊர்ந்து வரச் சொன்னார்.

"தெனமும் சோறு வெக்கறப்ப என்ன பேசுவியோ, அதையே பேசு."

சரசாளுக்கு அழுகைதான் வந்தது. விழுங்கிக்கொண்டு, "வந்து தின்னுட்டுப் போடி, உனக்காக எத்தனை நேரம் உக்காந்திருக்கறது, எனக்கு வேற வேலை இல்லையா?" என்று வழக்கமான வசவை ஆரம்பித்தாள். உறுமல் நின்றது. அத்தனை வலியிலும் வால் ஒரு தரம் தரையைத் தட்டியது. அந்த ஒரு தட்டுக்குள் அம்மா துணிப்பட்டையை அதன் வாயில் சுற்றிக் கட்டிவிட்டார். பிறகு போர்வையில் கிடத்தி, ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கிவந்தார்கள். அம்மாவின் இரண்டு முழங்கையிலும் முள் கீறி ரத்தம் வந்திருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. இவரிடம் வந்து சேர்ந்தது பூர்வஜன்மப் புண்ணியம் என்று சென்னியப்பன் அன்றைக்கும் ஒரு தரம் நினைத்துக்கொண்டார்.

விலாவுக்குப் பின்னால் தொடங்கித் தொடை வரை ஒன்றரைச் சாண் கிழிசல். குடல் தப்பியது பெரிய காரியம். அம்மா மரத்துப்போகும் ஊசி போட்டு, மண்ணும் முடியும் சோளத் தோகையும் போகும்வரை உப்புநீரைப் பாட்டில் பாட்டிலாகக் கவிழ்த்துக் கழுவினார். கழுவி முடிக்கவும், பக்கத்து ஊரில் மாட்டுக்குக் கன்று குறுக்கே நிற்கிறது என்று ஆள் வரவும் சரியாக இருந்தது.

"நீங்க தைச்சுடுங்கண்ணா," என்றார் அம்மா. "கீழ்முனையில மட்டும் ஒரு விரல் அகலம் தைக்காம விட்டுடுங்க."

சென்னியப்பன் தைத்தார். அவர் விரல் போகும் அழகை வேலையற்றவர்கள் நின்று பார்க்கலாம். கீழ்முனை வந்தது. ஊசி நின்றது. நாற்பது வருஷத்தில் ஓட்டை விட்ட ஒரு துணியை அவர் கையால் யாருக்கும் கொடுத்ததில்லை. அதற்குள் சரசாளும், அங்கே ஈ உட்காராதா என்று கேட்டாள். ஒரு தையல்காரர் இதற்கு மேல் எப்படிப் பொறுப்பார்? இன்னும் இரண்டு தையல் போட்டு மூடிவிட்டார். தீபாவளிக்குப் போட்டுக்கொண்டு போகலாம் போல இருந்தது அந்தத் தையல். புருஷனும் பெண்டாட்டியும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நாயைத் தூக்கிப்போனார்கள்.

திரும்பி வந்த அம்மா, தையல் ஆயிற்றா என்று கேட்டார். முடித்துவிட்டேன் என்றார் சென்னியப்பன். அது பொய் இல்லைதான்.

மூன்றாம் நாள் சரசாள் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். உடம்பு கொதித்தது. கறிச்சாற்றைக்கூட முகர்ந்து பார்க்கவில்லை என்றாள்.

"மேல பாருங்கம்மா, எவ்வளவு நல்லாக் கூடியிருக்குது. அப்புறம் ஏனுங்க சாகப் பாக்குது?"

அம்மா குனிந்து பார்த்தார். தையல் கோடு போட்டது போல நேராக இருந்தது. தொடைக்கு அடியில் கையை வைத்தார். அங்கே தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அம்மா நிமிர்ந்து சென்னியப்பனைப் பார்த்தார். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் சென்னியப்பன் பிழைத்திருப்பார்.

"நாந்தானுங்க மூடினேன்," என்றார்.

அம்மா கொதிக்க வைத்த கத்தரியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

தன் தையலைத் தானே பிரித்துப் பழக்கமில்லாத கை அது. ஒன்றை வெட்டினார். இரண்டாவதையும் வெட்டினார். உள்ளே தேங்கியிருந்த சீழ் ரத்தத்தோடு பொங்கிக்கொண்டு வந்தது. அந்த நாற்றத்தில் சரசாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சென்னியப்பன் பதறி, பஞ்சை எடுத்து அந்தப் புண்வாயில் வைத்து அழுத்தப் போனார்.

"அடைக்காதீங்க," என்றார் அம்மா. "வழியட்டும்."

அந்த நாயோடு சென்னியப்பன் ஆறு நாள் கிடந்தார். ஊசி மருந்து அம்மா பார்த்துக்கொண்டார். கழுவுவது, ஈ ஓட்டுவது, நக்கவிடாமல் கழுத்தைப் பிடித்துக்கொள்வது எல்லாம் அவர். இரண்டாம் நாள் நாயின் மூச்சு விட்டுவிட்டு வந்தது. அன்றைக்கு அவர் சோறு தொடவில்லை. நாயைப் பார்க்க வந்த சரசாளிடம், அம்மா சொன்னதை மீறியதையும் தன் கைச் செருக்கையும் மறைக்காமல் சொன்னார்.

"தைச்சதும் நீங்க, பிரிச்சதும் நீங்க," என்றாள் சரசாள். "எந்திரிச்சு வந்து சாப்புடுங்க."

அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? சென்னியப்பன் சாப்பிட்டார்.

நாலாம் நாள் நாய் கஞ்சியை நக்கியது. ஏழாம் நாள் எழுந்து நின்றது. சரசாள் அழைத்துப்போக வந்தபோது மூன்று காலும் ஒரு பாதிக் காலுமாக நடந்து, சென்னியப்பன் விரலை முகர்ந்துவிட்டு அவளோடு கிளம்பியது. சோளக்காட்டு வரப்பு வந்ததும், அவ்வளவு நேரம் பின்னால் வந்த நாய் நொண்டிக்கொண்டே சரசாளைத் தாண்டி முன்னால் போய் நின்று, பன்றி வந்த திக்கைப் பார்த்தது. கீழேயிருந்து இதைப் பார்த்த சென்னியப்பனுக்கு மெய் சிலிர்த்தது. புண் ஆறவில்லை, அதற்குள் காவலுக்குப் போய்விட்டது.

அம்மா வாசல் கல்லில் உட்கார்ந்து கத்தரியைக் கழுவிக்கொண்டிருந்தார். சென்னியப்பன் வந்து எதிரே நின்றார்.

"வந்த அன்னைக்கு நான் ஒண்ணு கேட்டேனுங்கம்மா."

அம்மா கழுவுவதை நிறுத்தவில்லை.

"உங்க தம்பி பேரு என்னங்கண்ணா?"

சென்னியப்பன் வாயைத் திறந்தார். எட்டு வருஷமாக அவர் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. சட்டைத் துணியில் யாராவது அந்தப் பெயரை எழுதித் தைக்கக் கொடுத்தால்கூடத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"குழந்தைவேலு," என்றார் கடைசியில்.

அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. மனைவிக்கு நெஞ்சுவலி வந்த நாள், வாசலில் நின்ற தம்பியின் வேன், சாவியோடு கிடாவெட்டு விருந்துக்குப் போய்விட்ட தம்பி, எடுக்காத போன், பஸ்ஸுக்காக ரோட்டில் தான் ஏந்திக்கொண்டு நின்ற உடம்பு. பதினாறாம் நாள் காரியத்தில் ஊரார் முன்னால், மன்னித்துவிட்டேன் என்று தான் சொன்னது. அவன் நல்லாவே இருக்கக்கூடாது என்று இன்றைக்கு விடியலில்கூட நினைத்தது. எல்லாம் வந்தது. கேட்க நன்றாக இல்லை. அம்மா முகத்தைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

சென்னியப்பன் வெட்கப்பட்டுத் தோள் துண்டை எடுத்துக் கண்ணீரைத் துடைக்கப் போனார்.

"துடைக்காதீங்கண்ணா," என்றார் அம்மா. "வழியட்டும்."