ஒத்த விசில்

ரோசலிண்ட் அம்மாவுக்கு ஓரிடத்தில் உட்கார முடியாது. அறுபத்தொரு வயசு. இங்கிலாந்தில் காட்டுக்காகவும் ஆற்றுக்காகவும் முப்பத்தெட்டு வருஷம் மல்லுக்கு நின்றவள். சாலை போட வந்தவர்களைத் தடுக்க இருபத்து மூன்று வயசில் மரத்தில் ஏறி, பத்தொன்பது நாள் இறங்காமல் இருந்தாள். இரண்டு தடவை ஜெயில். பிறகு ஒரு பெரிய அமைப்பின் தலைவியாகி, கோட்டு போட்டுக்கொண்டு மந்திரிகளோடு வாய்ச்சண்டை. தமிழ் நன்றாகவே பேசுவாள். கோபம் வந்தால் இன்னும் நன்றாக. பாபநாசத்து மடத்துக்கு வந்து ஆறு மாசத்தில் ஊர்க்காரர்கள் அவளை ரோஷம்மா ஆக்கிவிட்டார்கள்.

மடத்துச் சாமி அவளைவிடப் பதினேழு வயசு சின்னவர். பதினைந்து வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். ஒருநாள் பையைக் கழற்றி வைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் சாமி என்றால்தான் தெரியும்.

அன்று காலை ரோசலிண்ட் கையில் போனோடு முற்றத்தில் நடையாய் நடந்தாள்.

"என்னம்மா, தரை தேய்ஞ்சிரப் போவுது."

"நேத்து அம்பாசமுத்திரம் போனப்ப இங்கிலாந்துலேர்ந்து சேதி வந்துச்சு சாமி, கூப்பிடறாங்க. ஒரு சதுப்பு நிலத்தைத் தோண்டப் போறாங்களாம். நான் வந்து முன்னால நிக்கணுமாம். இன்னிக்குள்ள பதில் சொல்லணும்."

"சொல்லுங்க."

"மாட்டேன்னு எழுதிட்டேன். எவ்வளவு போராடினாலும் மூணு வருஷம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்னு வக்கீலே சொல்றார். முன்னாடியும் இதே கதைதான். ஒரு கழிமுகத்துக்காகப் பதினொரு வருஷம் உயிரை விட்டேன். பன்னிரண்டாவது வருஷம் துறைமுகம் கட்டிட்டாங்க." அவள் நடையை நிறுத்தித் திரும்பினாள். "எதை நிறுத்தினேன் நான்? சொல்லுங்க சாமி, எதை?"

சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "இங்க சிக்னல் கிடைக்காது. அம்பாசமுத்திரம் போய் அனுப்பிருவோம், வாங்க."

பஸ்ஸில் நல்ல கூட்டம். கண்டக்டர் முன்பக்கம் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். ரோசலிண்ட் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தபடி எழுதியதையே திரும்பத் திரும்பப் படித்தாள்.

திடீரென்று சாமி விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். டிரைவர் பிரேக்கைப் போட, ரோசலிண்ட் முன்னால் போய் விழப் பார்த்தாள்.

"விசில் அடிச்சா பஸ் கிளம்பணும்தானே?" என்று சீறினாள்.

"ரெண்டு அடிச்சாத்தான் கிளம்பணும். ஒத்த விசிலுக்கு நிக்கணும்."

"எவம்வே விசிலடிச்சது? இங்க ஏது ஸ்டாப்?" டிரைவர் கத்தினார்.

"நாந்தான்வே. ஆள் வருது, பொறும்."

வயல் வரப்பிலிருந்து ஒருத்தி ஓடி வந்தாள். இடுப்பில் பெண் குழந்தை, தலை துவண்டு கிடந்தது. "காய்ச்சல் அனலாக் கொதிக்குய்யா, பெரியாஸ்பத்திரிக்குப் போவணும்" என்று மூச்சிரைக்க ஏறினாள். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். பஸ் கிளம்பியது.

சாமி ஜன்னல் பக்கம் பார்த்தார். "கிளம்பிருச்சே."

"ஆமா, கிளம்பிடுச்சு."

"அப்ப நான் நிறுத்தினது வீண்தான், என்னம்மா?"

"விளையாடாதீங்க சாமி!" அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "இது பஸ். நான் என் வாழ்க்கையைப் பத்திக் கேட்டேன்."

"சரி, அதையே பேசுவோம். அந்தப் பதினொரு வருஷம் என்ன நடந்துச்சு?"

"என்ன நடக்கும்? கோர்ட்டு, கூட்டம், ஊர்வலம். என் கல்யாணமே அதுல முறிஞ்சு போச்சு."

"அது உங்களுக்கு நடந்தது. கழிமுகத்துல?"

இதுவரை யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது.

"பவளக்கால் உள்ளான்னு ஒரு பறவை வரும். செக்கச் செவேல்னு காலு. வசந்தத்துல அங்க புல்லுக்குள்ள கூடு கட்டும்."

"பதினொரு வருஷமும் வந்துச்சா?"

"வந்துச்சு."

"குஞ்சு பொரிச்சுதா?"

"ஒவ்வொரு வருஷமும். வளர்ந்து பறந்து போகும்."

பஸ் ஊருக்குள் நுழைந்தது. போன் சிணுங்கியது, சிக்னல் வந்துவிட்டது. ரோசலிண்ட் கட்டைவிரலை நீட்டினாள். விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

"தாராளமா அனுப்புங்க" என்றார் சாமி. "அப்படியே அந்தக் குஞ்சுகளுக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கம்மா, நீங்க எதையும் நிறுத்தலைன்னு."