சொரிமுத்துவுக்கு எள்ளும் தண்ணீரும்

"என் பேரு எங்க சாமி?"

பூரணானந்தர் வந்து நின்ற வேகத்தில் முற்றத்துப் புழுதி கிளம்பியது. வணக்கம் இல்லை, கும்பிடு இல்லை. மூச்சு வாங்கியது, முகம் சிவந்திருந்தது.

பெரிய சாமி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மறுநாள் மடத்துப் பிரசவ ஆஸ்பத்திரியின் திறப்பு விழா. பந்தல் போட்டாகிவிட்டது, மேளத்துக்குச் சொல்லியாகிவிட்டது. என்ன விழா வந்தாலும் கஞ்சிக்குக் கீரை மட்டும் அவர் கையால்தான் உருவ வேண்டும்.

"எந்தப் பேரு வேய்?"

"கல்வெட்டுல. துணியைத் தூக்கிப் பாத்துட்டுதான் வாரேன்."

"நாளைக்குத் திறக்கப்போற துணியை இன்னைக்கே தூக்கிட்டீராக்கும்?"

"தூக்கினேன். அதுக்கு இப்ப என்னங்கீங்க? மேல உங்க பேரு. சரி, நீங்க குரு. அடுத்தாப்புல ரைஸ்மில் ஆவுடைநாயகம். கட்டடத்துக்குக் கொடுத்தாரு, இருக்கட்டும். அவரு பொண்டாட்டி பேரு, செத்துப்போன அம்மா பேரு, இந்தக் கட்டடத்தைக் கண்ணாலயே பாக்காத மகன் பேரு. அதுக்குக் கீழ இன்ஜினியரு. அதுக்கும் கீழ கான்ட்ராக்டரு. எல்லாத்துக்கும் இடம் இருக்கு. எனக்கு மட்டும் கல்லு காணாமப் போச்சா?"

பெரிய சாமி ஒரு பழுத்த இலையைப் பொறுக்கித் தூர எறிந்தார்.

"சுவத்துக்கு வெள்ளை அடிச்சவன்கூட மூலையில தன் போன் நம்பரை எழுதிட்டுப் போயிருக்கான் சாமி!"

இந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று யாராவது சொன்னால் அவர்கள் நாக்கு அழுகிப்போகும்.

புன்னைத்துறையில் அந்தக் காலத்தில் மடம் என்று எதுவும் கிடையாது. ஆற்றோரத்தில் ஓர் ஓலைக்கொட்டகை, ஒரு பானைக் கஞ்சி, அதைக் காய்ச்ச அமலானந்தர் என்று ஓர் இளவயதுச் சாமியார். செங்கல் சூளைக்குப் போகிறவர்கள் ஒரு குவளை வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான் மடம்.

சூளையில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தது. மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். டவுன் ஆஸ்பத்திரி வெகுதூரம். கொட்டகை வாசலுக்கு வரும்போதே அவள் உயிர் போய்விட்டது. அன்றைக்குச் சாமியார் அடுப்பே மூட்டவில்லை.

மறுநாள் அந்த வழியாக வந்த ஓட்டை வேன் ஒன்றைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்த வண்டியில பிள்ளைத்தாச்சியை ஏத்தலாமா?"

"வண்டி தாங்கும் சாமி. ஓனரு சம்மதிக்கணும்."

"ஓனரு யாரு?"

"நான்தான்."

டிரைவர் தன் தலையைத் தானே சொறிந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, "ஓனரு சரின்னுட்டாரு சாமி" என்றான்.

அவன் பெயர் சொரிமுத்து. அந்த வண்டியோடு வந்தவன் திரும்பிப் போகவில்லை. சில வருஷங்களுக்குப் பிறகு அவனே காவி கேட்டு வாங்கிப் பூரணானந்தர் ஆனான். குருவைவிட அவருக்கு வயது அதிகம். இருந்தாலும் ஊருக்கு அமலானந்தர் பெரிய சாமி, இவர் சின்ன சாமி.

வண்டிக்கு ஒரு ஷெட் வந்தது. ஷெட்டுக்குப் பக்கத்தில் மருத்துவச்சி தங்க ஓர் அறை, அறைக்குப் பக்கத்தில் இன்னோர் அறை. கொட்டகை ஓட்டுக்கூரையாகி, ஓட்டுக்கூரை மடமாகி, இப்போது மாடி வைத்த ஆஸ்பத்திரி. அத்தனைக்கும் மண் சுமந்தவர் சின்ன சாமி. சிமெண்டுக்கு அலைந்தவரும் அவர், மனு எழுதி ஆபீஸ் ஆபீஸாகப் போய் நின்றவரும் அவர். அந்த மனுஷனுக்குக் கல்லில் ஒரு வரி கிடையாதாம்.

"என்ன வேணும்னு சொல்லும்" என்றார் பெரிய சாமி.

"என் பேரைப் போடணும்."

"விழா முடியட்டும், பாப்போம்."

"இன்னைக்கே போடணும். இல்லைன்னா நான் கிளம்புதேன். விழாவும் வேண்டாம், மடமும் வேண்டாம். உழைக்கிறதுக்கு ஒருத்தன், போர்டுல நிக்கிறதுக்கு ஒருத்தனா?"

கடைசி வார்த்தை குருவுக்கே பட்டிருக்கும். பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"சரி. என்ன பேரு போடச் சொல்லுதீரு?"

"பூரணானந்தர்னு."

"அது நான் வச்ச பேருல்லா? என் பேரு ஏற்கெனவே மேல இருக்கு, இது எதுக்கு இன்னொண்ணு? உமக்குன்னு உள்ள பேரைச் சொல்லும்."

சின்ன சாமி வெடுக்கென்று சொன்னார். "சொரிமுத்து."

"அவரு எங்க இருக்காரு?"

சின்ன சாமி ஆற்றுப் பக்கம் பார்த்தார்.

எங்கே இருப்பார்? காவி வாங்கிய அன்று காலையில், இதே ஆற்றில், முன்னோர்களுக்கெல்லாம் பிண்டம் வைத்தார். முடித்துவிட்டுத் தனக்கும் வைத்துக்கொண்டார். சந்நியாசத்துக்குப் போகிறவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும், இருந்தவனுக்குக் கணக்கை முடித்துவிட்டுத்தான் மறுகரை ஏற வேண்டும். படித்துறையில் அவருடைய அக்கா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "உசுரோட இருக்க எந்தம்பிக்கு எள்ளு இறைக்காங்களே!" என்று அவள் கத்தியது அக்கரைக்கும் கேட்டது.

பெரிய சாமி முறத்தைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனார். வரும்போது கையில் ஒரு வாழையிலைத் துண்டு. அதில் ஒரு பிடி எள்.

"இந்தாரும்."

"இது எதுக்கு?"

"செத்தவரு வந்து பங்கு கேக்காரு. சரியாப் போய்ச் சேரலை போல, பாவம், பசியோட அலையுதாரு. ஆத்துல இறங்கி இன்னொரு தரம் இறைச்சிட்டு வாரும். பொறவு கல்லைப் பத்திப் பேசுவோம்."

சின்ன சாமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நியாயம் கேட்க வந்தவன் கையில் எள்ளைக் கொடுத்து அனுப்புவதா? இலையை வாங்கினார் என்று சொல்ல முடியாது, பிடுங்கினார். படித்துறைக்குப் போகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனார். குருவைத் திட்டினார், ரைஸ்மில்காரரைத் திட்டினார், கல் கொத்தியவனையும் விடவில்லை.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். எள்ளைக் கையில் எடுத்துத் தண்ணீரை அள்ளினார். கட்டைவிரல் பக்கமாக விட வேண்டும். விடும்போது செத்தவனை மனசில் நிறுத்திப் பேரைச் சொல்ல வேண்டும்.

சொரிமுத்துவை நினைத்தார்.

நினைத்து வெகுகாலம் ஆகியிருந்தது. முதலில் முகமே வரவில்லை. வேன்தான் வந்தது. ஒரு பக்கக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, கயிறு போட்டுக் கட்டியிருக்கும். அடைமழை பெய்த ஒரு மத்தியானம், பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டி சேற்றில் இறங்கி நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண் கத்துகிறாள். கூட வந்த மருத்துவச்சி, "இனி நகத்த வேண்டாம், இங்கனயே ஆயிரும்" என்கிறாள். கயிறு அறுந்து கதவு காற்றில் அடிக்கிறது, சாரல் உள்ளே விழுகிறது. சொரிமுத்து மழையில் நின்று முதுகைக் கொடுத்துக் கதவைத் தாங்கிக்கொண்டிருக்கிறான்.

குழந்தை அழும் சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணின் புருஷன் சேற்றிலேயே விழுந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, உங்க பேரு என்ன அண்ணாச்சி? சொல்லுங்க அண்ணாச்சி!"

"பேரு கெடக்கட்டும்ல. அந்தக் கதவைப் பிடி. புள்ளைக்குச் சாரல் அடிக்கி."

சின்ன சாமியின் கை அப்படியே நின்றது.

உள்ளங்கையில் இருந்த தண்ணீர் விரலிடுக்கில் வழிந்துவிட்டது. எள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

கல்வெட்டுத் துணியைத் தூக்கியது யார்? சொரிமுத்துவா? அவன் எந்தத் துணியைத் தூக்கினான்? அவன் போர்டைப் பார்த்தானா, பேரைத் தேடினானா? குருவின் முன்னால் போய் நின்று கத்தியது அவனா? வண்டியில் டீசல் இருந்தால் போதும், தலைக்கு ஒரு துண்டு இருந்தால் போதும் என்று கிடந்தவன் அவன். அவனைப் பிடித்துப் பசியோடு அலைகிறான் என்று சொன்னார்களே!

ஆற்றுக்குள் நின்றுகொண்டே கத்தினார். "வெட்கங்கெட்டவனே!"

துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரைத் திட்டுகிறார் என்று அவர்களுக்குப் புரியவில்லை. அவர் கோபம் கொஞ்சமும் தணியவில்லை, ஆள்தான் மாறியிருந்தது.

மறுபடி தண்ணீரை அள்ளினார். பேரைச் சொன்னார். எள்ளை விட்டார்.

ஈரக் காவியோடு முற்றத்துக்கு வந்தபோது பெரிய சாமி இன்னும் கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"இறைச்சீரா?"

"இறைச்சேன்."

"சொரிமுத்துக்குத்தான?"

"இல்லை சாமி. பூரணானந்தருக்கு."

கீரை உருவிய கை நின்றது.

"அன்னைக்கு ஆளை மாத்திக் கருமாதி பண்ணிட்டோம் சாமி."

பெரிய சாமி அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு சற்று நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

"உக்காரும் சொரிமுத்து. இன்னும் ரெண்டு கட்டு கெடக்கு."