வியாழன் அசருக்குப் பின்

கப்பலடிப் பட்டினத்தில் குருவைவிடச் சீடர் பதினான்கு வயது மூத்தவர்.

சீடரின் பெயர் ஜக்கரியா. பெருநகரத்து வங்கி ஒன்றில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். கடைசி ஒன்பது வருடம், கிளை கிளையாகப் போய் வாடிக்கையாளரை எப்படி நடத்துகிறார்கள் என்று மதிப்பெண் போடுவதே அவர் வேலை. எத்தனை நிமிடம் காக்க வைத்தார்கள், முகம் பார்த்துப் பேசினார்களா, புகார்ப் பெட்டியைத் திறந்தார்களா. ஓய்வு பெற்றதும், அந்த ஊர் வழக்கப்படி மனைவி ரஹ்மத்தின் வீட்டோடு வந்து தங்கிவிட்டார்.

குரு, உவைஸ் ஆலிம். பள்ளிவாசலை ஒட்டி 'பைத்துல் அமானா' என்று ஒரு சின்ன நிதியகம் நடத்தினார். வட்டியில்லாமல் கடன் கொடுப்பார்கள். ஊர்ப் பெண்கள் நம்பிக் கொண்டுவந்து வைக்கும் பொருள்களை அமானிதமாகக் காப்பார்கள்.

ஜக்கரியா ஒருநாள் அங்கே போய் நின்றார்.

"ஆலிம்சா, இங்கே புகார்ப் பெட்டி இல்லை. புகாரும் இல்லை. என் முப்பது வருஷத்துல இப்படி ஒரு இடம் பார்த்ததில்லை. எப்படின்னு எனக்குக் கத்துக் குடுங்க."

ஆலிம்சா தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"ஜன்னல்கிட்ட உட்காருங்க காக்கா," என்றார், அண்ணனை அழைப்பதுபோல.

அந்த ஜன்னல் பெண்கள் மட்டும் நடக்கும் குறுகிய முடுக்கைப் பார்த்து இருந்தது. அந்த முடுக்கில் ஆண்கள் கால் வைப்பதில்லை. ஜன்னலுக்கு மூங்கில் தட்டி. வருகிறவர் முகம் உள்ளே தெரியாது. குரல் வரும். தட்டியின் அடியில் கை வரும். சீட்டைக் கொடுத்தால் பொருள் கிடைக்கும்.

ஆலிம்சா ஒவ்வொரு சலாமுக்கும் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு முழுதாகப் பதில் சொன்னார். ஜக்கரியா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

முதல் வியாழக்கிழமை மாலை அசர் தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்தார்கள். முடுக்கில் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. குரல் மட்டும் வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். என் சாமான் பத்திரமா இருக்கா?"

தாழ்ந்த குரல். அவசரமில்லாத குரல்.

ஆலிம்சா சலாமுக்குப் பதில் சொன்னார். எழுந்தார். பின்கட்டுக்குப் போனார். பல வருடமாகக் கேட்பாரில்லாமல் இருக்கும் அமானிதங்கள் அங்கே ஒரு சுவரலமாரியில் இருந்தன. பலகைத் தட்டுகள், இரும்புக் கதவு. பூட்டைத் திறந்து, எண்சீட்டுக் கட்டிய ஒரு துணிமுடிச்சை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, பழையபடி வைத்துப் பூட்டிவிட்டு வந்தார்.

"பத்திரமா இருக்கு ராத்தா. முடிச்சு அவிழலே," என்றார், அக்காவிடம் சொல்வதுபோல.

"அல்ஹம்துலில்லாஹ்."

அவ்வளவுதான். போகிற சத்தமும் கேட்கவில்லை.

"பதினோரு நிமிஷம்," என்றார் ஜக்கரியா. "பூட்டின அலமாரி. இரும்புக் கதவு. சாவி உங்க இடுப்புல. உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொல்லியிருக்கலாமே?"

"பார்க்காம எப்படிச் சொல்றது?"

மறுநாள் ஜக்கரியா பதிவேட்டைப் புரட்டினார். அந்த முடிச்சின் எண்ணுக்கு நேரே சுல்தான் நாச்சியார் என்று எழுதியிருந்தது. பொருள், கல்யாணத்துக் கருகமணிச் சரம் ஒன்று. வாரிசு, மகள், கொழும்பு. பக்கத்தில் ஆலிம்சாவின் கையெழுத்தில், இறப்பைக் குறிக்கும் 'மவுத்' என்றும் ஒரு தேதியும். நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி.

ஜக்கரியாவின் விரல் அந்த வரியிலேயே நின்றுவிட்டது.

"ஆலிம்சா, இந்த அம்மா..."

"நான்தான் அடக்கத்துக்கு ஜனாசா தொழ வச்சேன். மகளுக்கு மாசாமாசம் கடிதம் போடறேன். ஆள் இல்லைன்னு திரும்பி வருது. மறுபடியும் போடறேன்."

"அப்போ வியாழக்கிழமை வர்றது யாரு?"

"ஜன்னலுக்கு வந்தவங்களை நான் முகம் கேட்கிறதில்லை காக்கா."

ஜக்கரியாவுக்கு அது பதிலாகப் படவில்லை. வங்கியில் ஆளை அடையாளம் காண்பதுதான் முதல் படி. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தார். அடுத்த வியாழன், அசருக்கு முன்பே ரஹ்மத்தை முடுக்கில் நிற்கச் சொன்னார். ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரோரம்.

குரல் வந்தது. கேட்டது. ஆலிம்சா எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ் என்றது.

ஜக்கரியா வீட்டுக்கு ஓடாத குறை.

"யாரு வந்தா?"

"யாரும் வரலே," என்றாள் ரஹ்மத். அவள் முகம் வெளுத்திருந்தது. "முடுக்குல நான் மட்டும்தான். ஆலிம்சா பேசினது மட்டும் கேட்டுச்சு. ஆனா..."

"என்ன ஆனா?"

"நான் ஜன்னலுக்கு நேராத்தானே நின்னேன்? தெளிவாக் கேட்கணும்ல? நடுவுல யாரோ நின்னா சத்தம் அமுங்கி வருமே, அப்படி வந்துச்சு. அவர் பேசி முடிச்ச கொஞ்ச நேரத்துலதான் உள்ளே நடக்கிற சத்தம் தெளிஞ்சுது. என்னை இனிமே அங்கே அனுப்பாதீங்க."

அந்த வாரம் மூன்று நாள் மழை கொட்டியது. வியாழக்கிழமை, பக்கத்து ஊரில் ஓர் அடக்கம். ஆலிம்சா புறப்பட்டார். இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றி ஜக்கரியாவின் கையில் வைத்தார்.

"நானா?" என்றார் ஜக்கரியா.

"ஜன்னல்ல உட்கார்றவங்கதானே பதில் சொல்லணும்?"

அசர் முடிந்தது. வெயில் மஞ்சளாக முடுக்கில் விழுந்து கிடந்தது. தட்டியின் இடுக்கு வழியே எதிர்ச்சுவர் தெரிந்தது. ஜக்கரியா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒன்றுமில்லை. அப்புறம், எந்த நொடியில் என்று அவரால் சொல்ல முடியவில்லை, எதிர்ச்சுவர் தெரியவில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும். என் சாமான் பத்திரமா இருக்கா?"

பின்கட்டுக்குப் போவதென்றால் ஜன்னலுக்கு முதுகு காட்ட வேண்டும்.

"பத்திரமா இருக்கு," என்றார், உட்கார்ந்தபடியே.

அல்ஹம்துலில்லாஹ் வரவில்லை.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

தட்டி அசையவில்லை. எதிர்ச்சுவர் இன்னும் தெரியவில்லை. ஜக்கரியா காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியை முணுமுணுக்கத் தொடங்கினார். சின்ன வயதிலிருந்து தினமும் ஓதுவது. பாதியில் அடுத்த சொல் வரவில்லை. தடுமாறினார்.

தட்டிக்கு அந்தப்பக்கமிருந்து, அவர் விட்ட இடத்துச் சொல்லை அந்தக் குரல் மெல்ல எடுத்துக் கொடுத்தது. பிறகு, கோபமே இல்லாமல், மறுபடியும் கேட்டது.

"பார்த்தீங்களா?"

ஜக்கரியா எழுந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தார். பூட்டைத் திறந்தார்.

அலமாரியின் பின்சுவர் மழையில் ஊறியிருந்தது. கீழ்த்தட்டுப் பலகை மேல் கரையான் மண்பாதை போட்டு ஏறியிருந்தது. சுல்தான் நாச்சியாரின் முடிச்சைத் தொட்டதும் துணி தூளாய் உதிர்ந்தது. உள்ளேயிருந்த கருகமணி மட்டும் மண்ணோடு அவர் உள்ளங்கையில் விழுந்தது.

அதைத் தோள் துண்டால் துடைத்தார். கையில் பிடித்துக்கொண்டே ஜன்னலுக்கு வந்தார்.

"ராத்தா," என்றார். அந்தச் சொல் தானாக வந்தது. "நான் பொய் சொல்லிட்டேன். பார்க்கலே. இப்பத்தான் பார்த்தேன். கரையான் ஏறியிருக்கு. துணி போச்சு. கருகமணி நல்லா இருக்கு. மணி ஒண்ணும் குறையலே."

"அல்ஹம்துலில்லாஹ்."

அவர் கருகமணியைத் துண்டின் நுனியில் முடிந்தார்.

"மத்தவங்களோடது?" என்று கேட்டது குரல்.

ஜக்கரியா தட்டியையே பார்த்தார். அலமாரிக்குத் திரும்பிப் போனார். இந்தமுறை முதுகைப் பற்றி அவருக்கு நினைவு வரவில்லை. கீழ்த்தட்டில் இன்னும் பதினாறு முடிச்சுகள். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, மண்ணைத் தட்டி, அவிழ்த்து, பார்த்து, பதிவேட்டில் பெயர் தேடி, வேறு துணியில் கட்டினார். கட்டக் கட்ட, ஜன்னல் பக்கம் குரல் கொடுத்தார். மரியம் வச்ச காது வளையம் இருக்கு. செய்யது ராவியத்து வச்ச வீட்டுப் பத்திரம், ஓரத்துல அரிச்சிருக்கு, எழுத்து போகலே. இன்னொருத்தர் வச்ச கடிதக் கட்டு, மேலே இருந்த ரெண்டு போயிடுச்சு, மன்னிக்கணும். பதினாறையும் சொல்லி முடித்தபோது அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள்.

தட்டியின் இடுக்கு வழியே எதிர்ச்சுவர் தெரிந்தது.

ஆலிம்சா தொழுகை முடிந்து வந்தார். கால்களில் அடக்கத்தலத்து மண் காய்ந்திருந்தது. தரையில் பரப்பிக் கிடந்த முடிச்சுகளையும், கரையான் மண்ணையும், ஜக்கரியாவின் கைகளையும் பார்த்தார். ஜக்கரியா நடந்ததையெல்லாம் சொன்னார். பொய் சொன்னதையும் மறைக்கவில்லை.

ஆலிம்சா கடிதக் கட்டைக் கையில் எடுத்தார். பொசுங்கிய தாள்போல ஓரம் உதிர்ந்தது.

"இதையெல்லாம் வச்சவங்களைப் போய்ப் பார்த்து நாம சொல்லணும்," என்றார். "நாளைக்கே."

"போவோம். ஆலிம்சா, ஒண்ணு கேட்கட்டுமா?"

"கேளுங்க."

"இந்தப் பதினேழுல மவுத்தானது ஒருத்தர்தான். மீதிப் பதினாறு பேர் இந்த ஊர்லயே இருக்காங்க. தினம் இந்த முடுக்கு வழியாத்தான் நடக்கிறாங்க. அவங்களையெல்லாம் விட்டுட்டு, நாலு வருஷமா மண்ணுக்குள்ளே இருக்கிற ஒருத்தருக்கா வாராவாரம் எழுந்து போய்ப் பதில் சொல்லிட்டு வர்றீங்க?"

ஆலிம்சா கடிதக் கட்டைப் புதுத் துணியில் வைத்து மடித்தார்.

"உயிரோட இருக்கிறவங்க யாரும் கேட்கிறதே இல்லையே காக்கா. நம்பி வச்சுட்டுப் போயிடறாங்க."