கருவூலம் தலையாட்டிய ஓலை

முன்னொரு காலத்தில் செங்கழனி நாட்டைக் கோடைவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் எழுந்த நேரம் சரியில்லை என்றால் அன்றைக்குத் தீர்ப்பும் சரியாக இருக்காது.

அப்படிப்பட்ட ஒரு காலையில் சடைச்சியைச் சபைக்கு இழுத்துவந்தார்கள். புருஷன் இல்லாதவள், மாடு வளர்த்து விற்று இரண்டு பெண்களைக் காப்பாற்றுகிறவள்.

நடந்தது இதுதான். சந்தையில் ஒரு வெளியூர்க்காரன் அவளுடைய உழவுமாட்டு ஜோடியை அறுபது பொன்னுக்குப் பேசினான். காசுக்குப் பதில், களிமண் முத்திரை வைத்த கருவூல ஓலை ஒன்றை நீட்டினான். அது நூறு பொன்னுக்கானது. "மாற்றிக்கொண்டு மீதி நாற்பதைக் கொடு தாயி" என்றான்.

"முதலில் காசு வரட்டும்" என்று சடைச்சி கருவூலத்துக்குப் போனாள். கருவூலத் தலைவர் குணவீரர் முத்திரையைப் பார்த்தார், தலையாட்டினார், நூறு பொன்னைக் கொடுத்தார். அதன் பிறகே அவள் மீதியைக் கொடுத்து மாட்டையும் அவிழ்த்துவிட்டாள். மாதக் கணக்குப் பார்த்தபோதுதான் ஓலை போலி என்று தெரிந்தது. வெளியூர்க்காரனைக் காணோம்.

"அரசே, கள்ள ஓலையை மாற்றியவள் இவள். நூறு பொன்னையும் இவளே கட்ட வேண்டும். சிறையும் வேண்டும்" என்றார் குணவீரர்.

"வீட்டை ஏலம் போடு" என்றான் ராஜா, கொட்டாவி விட்டபடி.

சடைச்சி தரையில் விழுந்து கும்பிட்டாள். "மகாராசா, போலி என்று எனக்குத் தெரியாது சாமி!"

"தெரிந்திருக்க வேண்டும்! முத்திரையைப் பார்த்தாலே தெரியுமே!" என்று சீறினார் குணவீரர்.

மந்திரி கூத்தனார் எழுந்தார். "அரசே, ஒருநாள் பொறுங்கள். இவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நாளைக்கு நிரூபணமானால் நூறு பொன்னை நானே கட்டுகிறேன்."

குணவீரருக்கு உள்ளம் குளிர்ந்தது. கூத்தனார் மூக்குடைபட வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை.

மறுநாள் கூத்தனார் ஒரு தட்டில் பத்து ஓலைகளை வைத்து நீட்டினார். "போலி எது, சரி எது? பிரித்துக் கொடுங்கள்."

குணவீரர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இரண்டை ஒதுக்கினார். "இவை போலி. மற்ற எட்டும் அசல் அரண்மனை முத்திரை."

"எட்டுக்கும் காசு கொடுப்பீர்களா?"

"கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பேன்!"

"அப்படித்தான் கொடுத்திருக்கிறீர்கள்" என்றார் கூத்தனார். "பத்துமே போலி. முத்திரையைச் சேனைக்கிழங்கில் நான் செதுக்கினேன். மிச்சக் கிழங்கை நேற்று வறுத்துச் சாப்பிட்டாயிற்று."

ராஜா வாய்விட்டுச் சிரித்தான். சபையும் சிரித்தது. குணவீரர் விடவில்லை. "இருக்கட்டும்! காசு இவள் கைக்குத்தானே போனது?"

கூத்தனார் சடைச்சியிடம் திரும்பினார். "மாட்டை எப்போது அம்மா அவிழ்த்தாய்?"

"கருவூலத்தில் காசு கொடுத்த பிறகுதான் சாமி. ஓலை செல்லாது என்று ஐயா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாடு இன்றைக்கும் என் தொழுவத்தில் நிற்கும்."

ராஜாவின் சிரிப்பு நின்றது. கொஞ்சம் யோசித்தான். "வந்தவன் ஊர், பேர் கேட்டாயா?"

"கேட்கவில்லை சாமி. அது என் தப்பு."

"அதற்குத் தண்டனை, காவலரோடு சந்தை சந்தையாகப் போய் அவனை அடையாளம் காட்டுவது. மற்றபடி தெரியாமல் செய்தது திருட்டாகாது. கருவூலத்தின் வார்த்தையை நம்பி மாட்டைக் கொடுத்தவளிடம் கருவூலமே காசு கேட்கக் கூடாது. நூறு பொன்னும் குணவீரர் சம்பளத்தில் பிடிக்கப்படும்."

குணவீரரின் தலைப்பாகை குனிந்தது. ராஜாவுக்கோ உற்சாகம் பிறந்துவிட்டது. "நேற்றைய அலைச்சலுக்கு இவளுக்கு இருபது பொன்!" என்று ஓலை எழுதி நீட்டினான்.

சடைச்சி அதை வாங்கவில்லை. கைகூப்பினாள். "மகாராசா கோபிக்கக் கூடாது. காசாகவே கொடுக்கச் சொல்லுங்கள்."

காசாகவே கொடுத்தார்கள். அடுத்த அமாவாசைச் சந்தையில், ஓர் எள் வியாபாரியிடம் மீதிச் சில்லறைக்குக் கை நீட்டி நின்றவனைச் சடைச்சி பின்னாலிருந்து துண்டோடு பிடித்தாள். காவலர் வந்து சேரும்வரை விடவேயில்லை.