இரு, எடு, விடு

"எனக்கு வாய்க்கிற நாய் எல்லாமே கோழையாப் போயிருது," என்றார் தாண்டவராயன்.

அமலோற்பவம் நாய்க்கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எத்தனை நாய்?"

"மூணு. மூணும் வெடிச் சத்தம் கேட்டா ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில படுத்துக்குது."

"யார் கட்டில்?"

"என் கட்டில்தான்."

"அப்ப, பயந்ததும் உங்ககிட்டத்தான் ஓடி வந்திருக்கு," என்றாள் அவள். வாளியைக் கவிழ்த்தாள்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயசு. காப்பித் தோட்டத்து முதலாளி. வாத்து சுட யாரும் தடை சொல்லாத காலம் அது. அவர் குறி தப்பாது. ஆனால் சுட்டதில் பாதி கோரைக்குள் போய் விழும். உள்ளே போய்த் தேடிப் பிடிக்கிற நாய் கிடையாது. அது அங்கேயே கிடந்து, துடித்து, மெதுவாகச் சாகும். அந்தச் சத்தம் கரை வரைக்கும் கேட்கும். அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது.

மலையடிவாரத்தில் ஸ்பானியல் நாய் வளர்த்துப் பழக்குகிறவள் அமலோற்பவம் ஒருத்திதான். தொங்கு காது, ஓயாத மூக்கு, தண்ணீரைக் கண்டால் குதிக்கிற ஜாதி. அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவள் முன்னால் போய் நிற்க அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் நின்றார்.

"குட்டி வேணும்."

அவள் ஐந்து குட்டிகளை முற்றத்தில் அவிழ்த்துவிட்டாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் ஒரு தகரத் தட்டைத் தலைக்கு மேலே தூக்கி, கல்லின் மேல் போட்டாள்.

நான்கு குட்டிகள் சிதறி ஓடின. ஒன்று மட்டும் அசையாமல் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது.

"அதுதான்," என்றார் தாண்டவராயன். "அதுதான் வீரன். அதைக் கொடும்மா."

"அதுக்குக் காது கேக்காது, முதலாளி."



ஓடிய நான்கில் ஒன்று திரும்பி வந்தது. பழுப்புக் குட்டி. உடம்பெல்லாம் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே வந்து தட்டை முகர்ந்து பார்த்தது.

அமலோற்பவம் அதைத் தூக்கி அவர் கையில் வைத்தாள்.

"இது பயந்துச்சே."

"ஆமா. பயந்துச்சு. வந்துச்சு."

குட்டியின் நிறத்தைப் பார்த்து அவர் சுக்கு என்று பேர் வைத்தார்.

"சும்மா தரல," என்றாள் அவள். "கார்த்திகைக்குக் கண்மாய்ல கிளுவை வாத்து இறங்கும். முதல் கிளுவையைச் சுடுங்க. சுக்கு தண்ணியிலேர்ந்து கொண்டு வர்றது உங்க கைக்குச் சேதமில்லாம வந்து சேரணும். சேர்ந்தா உங்க நாய். இல்லைன்னா நான் கயித்தைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துருவேன்."

"சரி. எப்படிப் பழக்கறது?"

"மூணே வார்த்தை. 'இரு'ன்னா அசையக் கூடாது. 'எடு'ன்னா போய் எடுக்கணும். 'விடு'ன்னா வாயைத் திறக்கணும்."

"திரும்பி வர்றதுக்கு?"

"அதுக்கு வார்த்தை கிடையாது."

"அப்புறம் எப்படி வரும்?"

"வர்ற மாதிரி நீங்க நடந்துக்கிட்டா வரும்." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொண்ணு. இந்த மூணு வார்த்தையையும் நாயைத் தவிர வேற யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

அவர் சிரித்துவிட்டார். "இரு, எடு, விடு இல்லாம தமிழ்ல ஒருத்தன் எப்படிம்மா பேசுவான்?"

"கம்மியாப் பேசுவான்," என்றாள் அமலோற்பவம்.

அந்த வருஷம் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை.

'காப்பி எடு' என்று சொல்ல முடியாது. "காப்பி வரட்டும்," என்றார். யாராவது அழைத்தால் 'இரு' என்று சொல்ல முடியாது. கையைக் காட்டினார். எல்லாவற்றையும் விட 'விடு'தான் கொடுமை. அவர் பேச்சில் பாதி அதுதான். கூலியாள் குறை சொன்னால், அட விடு. மச்சான் சண்டை போட்டால், விடு விடு. இப்போது அதைச் சொல்ல வழியில்லாமல் எல்லார் குறையையும் கடைசி வரை கேட்க வேண்டியதாயிற்று.

"உங்களுக்கு என்னவோ ஆயிருச்சு," என்றாள் அவர் மனைவி. "போன வாரம் நான் பேசினதை முழுசாக் கேட்டீங்க."

மாதம் ஒருமுறை சுக்கை அமலோற்பவத்திடம் கூட்டிப் போனார்.

அவள் ஒரு கோழி முட்டையைப் புல்லில் வைப்பாள். சுக்கு போய் அதைக் கவ்வி வந்து அவர் கையில் தரும். அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

"சேதமில்லாம வந்துச்சா?"

"இல்ல. உடைச்சிருச்சு. எதையும் கடிச்சு நொறுக்குற நாய் போல."

"அது கடிச்சுச்சா, நீங்க பிடுங்கினீங்களா?"

அவர் கையைப் பார்த்தார். விரலெல்லாம் மஞ்சள் கரு.

அடுத்த மாதம் பிடுங்கவில்லை. கையை நீட்டிக் காத்திருந்தார். விடு என்றார். முட்டை உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. ஈரமாக, சூடாக, கீறல் இல்லாமல். அவர் வெகுநேரம் அதை வைத்துக்கொண்டே நின்றார்.

"சேதமில்லாம வந்துச்சா?"

"வந்துச்சு," என்றார்.

ஆவணியில் ஒருநாள் பெருமையோடு வந்தார்.

"சங்கதி தெரியுமா? நேத்து கண்மாய்க் கரையில நிக்கிறேன். நம்ம கூட்டாளி மீரான் ராவுத்தர் ஜீப்ல வந்து, ஏறு மாப்ள, டவுனுக்குப் போவோம்னாரு. ஏறிப் போயிட்டேன். சுக்கு தானா வீட்டுக்குப் போயிரும்னு நினைச்சேன். மூணு மணி நேரம் கழிச்சு வந்து பார்த்தா அதே இடத்துல உட்கார்ந்திருக்கு. மழை வேற. ஒரு அடி நகரல. என்னா கீழ்ப்படிதல்!"

"நீங்க 'இரு'ன்னு சொன்னீங்களா?"

"சுக்குகிட்ட சொல்லல. ராவுத்தர்கிட்ட சொன்னேன். இரு, செருப்பை மாட்டிக்கிறேன்னு."

அமலோற்பவம் சுக்கின் காதைத் தூக்கி உள்ளே பார்த்தாள்.

"இதுக்குக் காது நல்லாக் கேக்குது," என்றாள்.



கார்த்திகை வந்தது. வடக்கிலிருந்து கிளுவைகள் கண்மாயில் இறங்கின. சின்ன வாத்துதான், ஆனால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்.

விடிந்து கொஞ்ச நேரம். தண்ணீர் மேல் பனி. கரையில் தாண்டவராயன், காலடியில் சுக்கு. பின்னால் அமலோற்பவம், கையில் கயிறு. வேடிக்கை பார்க்க ராவுத்தரும் வந்திருந்தார்.

"இரு," என்றார் தாண்டவராயன்.

சுட்டார்.

கூட்டம் முழுக்க எழும்பியது. ஒன்று மட்டும் சுருண்டு, தூரத்துக் கோரைக்குள் விழுந்தது. வெடிச் சத்தம் மலையில் மோதித் திரும்பியது. சுக்கு நடுங்கியது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"எடு."

தண்ணீரில் ஒரு கோடு போனது. கோரை அசைந்தது. பிறகு அதுவும் நின்றது.

ஒன்றும் வரவில்லை. ஒரு பீடி தீர்கிற நேரம். இன்னொரு பீடி. தாண்டவராயன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். உள்ளே துடிக்கிற சத்தம் கேட்கிறதா என்று. கேட்கவில்லை.

"என்ன மாப்ள," என்றார் ராவுத்தர். "உன் சுக்கு கஷாயமாப் போச்சு போல."

தாண்டவராயன் கோரையையே பார்த்தார். பின்னால் கயிறு உரசுவது அவருக்குக் கேட்டது.

அப்போது கோரை பிளந்தது.

பழுப்புத் தலை. வாயில் கிளுவை. தலையைத் தண்ணீருக்கு மேலே நிமிர்த்தி, அலை படாமல், பச்சைக் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி நீந்தி வந்தது. முப்பது முழம். இருபது முழம்.

"யா அல்லா," என்றார் ராவுத்தர். "நான் கிண்டல் பண்ணிட்டேனே. மனசுல வச்சுக்காத மாப்ள."

தாண்டவராயனுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அந்த நேரத்தில் அவர் உலகத்தில் யாரை வேண்டுமானாலும் மன்னித்திருப்பார்.

"அட, விடு மாப்ள," என்றார்.

சுக்கு வாயைத் திறந்தது.

கிளுவை தண்ணீரில் உட்கார்ந்தது. ஒரு கணம் சும்மா மிதந்தது. உடம்பை உதறியது. பிறகு தண்ணீர் மேலேயே ஓடி எழும்பி, மூன்று பேர் தலைக்கும் மேலே பறந்து போனது. ஒரு இறகு மடங்கவில்லை. சிறகடிக்கிற காற்று முகத்தில் பட்டது.



குண்டு உரசி மயங்கித்தான் விழுந்திருக்க வேண்டும். சுக்கு அத்தனை சேற்றையும் கோரையையும் தாண்டி, உயிருள்ள ஒன்றை, அது உயிரோடிருக்கும்படியே வாயில் ஏந்தி வந்திருக்கிறது. தனக்குச் சொல்லாத ஒரு வார்த்தைக்கு அதைக் கொடுத்தும்விட்டது.

"சுபஹானல்லா," என்றார் ராவுத்தர் மெதுவாக. பிறகு அமலோற்பவத்தைப் பார்த்து, "தப்பு நாயோடதில்லம்மா. நான்தான் பேச்சுக் கொடுத்தேன்," என்றார்.

"தெரியும்," என்றாள் அவள். "ரெண்டு பேரைப் பழக்கினேன். ஒண்ணு தேறிருச்சு."

சுக்கு இன்னும் தண்ணீரிலேயே வட்டமடித்துக்கொண்டிருந்தது. வாய் காலி. கண் அவர் மேல். கிளுவை போனதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தாண்டவராயன் வாயைத் திறந்தார். மூன்று வார்த்தைகள் இருந்தன. மூன்றும் உதவாது.

வாயை மூடினார். துப்பாக்கியைக் கரையில் வைத்தார். செருப்போடு, வேட்டியோடு தண்ணீரில் இறங்கினார். இடுப்பளவு வந்ததும் நின்றார். குனிந்து, கையை நீட்டினார். முட்டைக்கு நீட்டிய மாதிரி.

சுக்கு வந்தது. ஒன்றுமில்லாத வாயைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தது.

ஈரமாக, சூடாக.

கரையிலிருந்து குரல் வந்தது.

"சேதமில்லாம வந்துச்சா?"

அவர் கையைப் பார்த்தார். தலையைத் தூக்கி, மலைக்கு மேலே புள்ளியாகப் போய்க்கொண்டிருந்த கிளுவையைப் பார்த்தார்.

"வந்துச்சு, வாத்தியாரம்மா."

திரும்பிப் பார்த்தபோது கரையில் அவள் இல்லை. கயிறு மட்டும் கிடந்தது.